ஆகாயத்துக்கு முகம் காட்டிய நாள்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் யாராவது செத்து, பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், முகம் காட்டாமல் பெட்டியை மூட மாட்டார்கள். கொரோனா வருஷத்தில் தொடங்கிய பழக்கம். அப்போது யாராலும் வர முடியவில்லை. பெட்டிக்குள் கிடப்பவரின் முகத்துக்கு நேரே ஒருவர் போனைப் பிடிப்பார். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிற மகன் பார்த்து அழுவான். அவன் அழுது ஓய்ந்ததும் மூடியை வைப்பார்கள். நோய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வர முடியாதவனுக்குப் போனில் காட்டிவிட்டு மூடுவார்கள். வழியில் இருப்பவனுக்கு மட்டும் காத்திருப்பார்கள். விமானத்தில் ஏறியவனுக்கு எதையும் காட்ட முடியாதே. ஏறியதும் போனை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் சூரியநெல்லியில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பாசத்தால் காத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பி.காம். படித்தும் அந்த மட்டில்தான் இருந்தது என் அறிவு. வேறு வழி இல்லாததால் காத்திருந்தார்கள்.

அம்மா சிசிலி செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். மிச்சம் நானும் அண்ணன் ஜின்சனும். அண்ணன் தோஹாவில் ஒரு சலவைக் கம்பெனியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தான். நான் மூணாறு காலேஜில் சேர்ந்த வருஷம் போனவன் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடமிருந்து வாங்கி டிக்கெட் எடுக்க அவனுக்கு வியாழக்கிழமை ஆனது. வெள்ளிக்கிழமை காலை ஏறுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டான்.

"ஜிஸ்மி, அந்திக்குள்ள வந்திருவேன். நான் வந்து அம்மாவுக்கு முத்தம் குடுக்காம பெட்டிய மூடக்கூடாது. யாரு என்ன சொன்னாலும் விடாத. உன்ன நம்பித்தான் ஏறுதேன்."

"நீ வா அண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்தான் அது. மத்தியானம் நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் இறங்குவான், டாக்ஸி பிடித்து மலை ஏறுவான், அவன் வந்ததும் அடக்கம். பாதரிடம் சொல்லியாகிவிட்டது. குளிர்பெட்டிக்குக் கரண்டு போனால் ஓடுவதற்கு ஜெனரேட்டரும் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஏற்பாடு செய்தது அப்பாவின் தம்பி மிக்கேல்ராஜ் சித்தப்பா. மற்ற நாட்களில் அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சாவு விழுந்தால் அவர்தான் எல்லாம். பந்தல் எங்கே, பெஞ்சு எங்கே, யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவர் கை நீட்டிய இடத்தில் எஸ்டேட்டே நடக்கும். அன்று அவர் புதுக் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தார். அண்ணி செத்த துக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டை.

பூப்பாறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜோஜோ வந்து பெட்டியின் கால்மாட்டில் கேமராவை நிறுத்தினான். எங்கள் பக்கத்தில் இப்போது லைவ் இல்லாத அடக்கம் கிடையாது. அம்மாவின் ஆதார் போட்டோவைப் பூமாலைக்குள் ஒட்டி, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று மினுக்கவிட்டு, காலையிலேயே தொடங்கிவிட்டான். சவூதியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

அண்ணன் விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் குடும்பக் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது.

"பிளேன்ல நெட் இருக்கு. காசு கட்டி வாங்கிட்டேன். சும்மா இருக்க முடியல. அம்மா பக்கத்துல யாரு இருக்கா?"

எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். துக்கத்தில் இருப்பவன் யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்ப்பதில்லை. முப்பது பேர் இருக்கிற குரூப்பில் போட்டுவிட்டான்.

சித்தப்பா அதைப் பந்தலில் நின்று சத்தமாக வாசித்தார்.

"ஏ பாருங்கப்பா! நம்ம ஜின்சன் ஆகாயத்துல இருந்து மெசேஜ் போடுதான்!"

"ஆகாயத்துல டவர் ஏதுய்யா?" என்றார் ஒருவர்.

"சாட்டிலைட்டு. காசு குடுத்தா குடுப்பான். இந்த லயத்துல எவன் வாங்கிருக்கான் சொல்லு? எங்க அண்ணன் மகன் வாங்கிருக்கான்!"

செத்த வீட்டில் சிரிப்பே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதலேனம்மாள் பெரியம்மா, அம்மாவோடு ஒரே நிரையில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள், பெட்டியின் கண்ணாடியைத் தட்டி, "கேட்டியா சிசிலி, ஒம்மகன் மேகத்துல நின்னு பேசுதான்" என்றாள். எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்தப்பா வீடியோ கால் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். "கால் எடுக்காது சித்தப்பா, மெசேஜ் மட்டுந்தான் போகும், சின்ன நெட் பேக்" என்று அண்ணன் எழுதினான். உடனே சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு விரலால் எழுதினார்: "பெரிய பேக் எடு. லைவ் பாரு." ஜோஜோவிடம் லிங்க் வாங்கி அதையும் போட்டார்.

"சரி சித்தப்பா. பக்கத்து சீட்டுக்காரர் கார்டு தாரேன்னு சொல்லுதாரு" என்று பதில் வந்தது.

சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகப் பாதரிடம் போனார். பாதர் இளவயசு மலையாளி, காலை ஜெபத்துக்கு வந்தவர், திரும்பக் கிளம்புவதற்குச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் போனபோதுதான் காதில் விழுந்தது.

"பாதர், அந்தி வரைக்கும் நிக்க வேண்டாம். பையன் பிளேன்லயே லைவ் பாக்கான். அவன் பாத்ததும் எடுத்துரலாம்."

"மகன் கண்டாச்சுன்னா பின்னே எதுக்கு தாமசிக்கணும்? எனக்கும் மூணு மணிக்கு வேற ஒரு அடக்கம் உண்டு."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"யாரு கிட்ட கேட்டு மாத்துறீங்க சித்தப்பா?"

"என்னட்டி மாத்துறது? முகம் காட்டணும், காட்டப்போறோம். அதுக்குத்தான நின்னோம்?"

"அவன் வர முடியாதவன் இல்ல. வந்துக்கிட்டு இருக்கான். இன்னிக்கே வந்திருவான்."

"வரட்டும். வேண்டாம்னா சொல்லுதேன்? பாரஸ்ட் வாட்சர் காலையில சொன்னது கேட்டியா? ஆனைக்கூட்டம் கல்லறைக்குக் கீழ யூக்காலிக் காட்டுல நிக்கு. அந்தியில பெட்டியத் தூக்கிட்டுப் போறவன் நீயா நானா? ஆனை வந்தா பெட்டியப் போட்டுட்டு ஓடுவான் எல்லாவனும்."

"நேத்தும் ஆனை நின்னுச்சு. நேத்து அந்திக்குன்னு சொன்னது நீங்கதான்."

"நேத்து ஆகாயத்துல நெட் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்று கேட்டார். கிண்டலுக்கு இல்லை. நிஜமாகவே கேட்டார். அவர் கணக்கு சுத்தமாக இருந்தது. விமானத்தில் இருப்பவனுக்குக் காட்ட முடியாது என்பதால் காத்திருந்தார்கள். இப்போது காட்ட முடியும். இனி எதற்கு?

சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் எதிர்ப்பு இல்லை. எஸ்டேட் அரை நாள்தான் விட்டிருந்தது, மத்தியானத்துக்குமேல் நின்றால் முழுநாள் கூலி போகும். இவர்கள் அம்மாவுக்காக அழாதவர்கள் இல்லை. அழுதார்கள். அழுது முடித்துவிட்டார்கள்.

மதலேனம்மாள் பெரியம்மாதான் என் தோளைத் தொட்டாள். "மூணு நாளாச்சுட்டி. அவளையும் எவ்வளவு நேரம் ஐஸ்ல போட்டு வைக்க? அவனுந்தான் பாத்துருவாம்லா."

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்துவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. அண்ணன் பார்க்கக்கூடாது. அவன் பார்க்காதவரை இவர்கள் மூட முடியாது. முகம் காட்டாமல் மூடினார்கள் என்ற பேரைச் சித்தப்பாவால் தாங்க முடியாது. அவன் மறுபடி பழைய விமானத்துக்குள் போய்விட வேண்டும், எதையும் காட்ட முடியாத விமானத்துக்குள்.

சமையல் பக்கம் போய் அவனுக்குத் தனியாக எழுதினேன்.

"லைவ் பாக்காதே. நெட்ட ஆஃப் பண்ணு. இப்பவே."

ஒற்றை டிக்கில் நின்றது. அடுப்புப் புகை கண்ணில் ஏறியது. போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு டிக் விழுந்தது.

"ஏன்?"

"நீ பாத்துட்டா பெட்டிய மூடிருவாங்க. நீ வரதுக்கு முன்னாடியே எடுக்கப்போறாங்க. பாக்காத அண்ணே."

இது போகவில்லை. ஒற்றை டிக். அதற்குள் முதலில் கேட்ட 'ஏன்?' என்பதைத் தொடர்ந்து அவனிடமிருந்து இன்னொன்று வந்தது.

"அம்மா முகம் மோசமா இருக்கா? எதையாவது மறைக்கியா? நாலு வருசம் ஆச்சு ஜிஸ்மி."

நான் அனுப்பியது ஒற்றை டிக்கிலேயே நின்றது. கடல்மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். "அண்ணே" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதுவும் போகவில்லை. பந்தலில் ஜோஜோ கத்தினான்.

"சேட்டா, ஜின்சன் கேறி! லைவுக்குள்ள வந்துட்டான்!"

ஓடினேன். ஜோஜோவின் திரையில், கைகூப்பும் பொம்மைகளுக்கு நடுவே, அண்ணன் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரே வார்த்தை. அம்மா.

"பாத்துட்டான்" என்றார் சித்தப்பா. பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு. பெஞ்சுகள் நகர்ந்தன. பாதர் செருப்பைக் கழற்றி அங்கியை மாட்டினார். குளிர்பெட்டியின் பிளக்கை ஒருவன் பிடுங்கினான். அவ்வளவு வேகத்தை அவர்களிடம் கொழுந்துச் சாக்கை லாரியில் ஏற்றும்போதுகூட நான் பார்த்ததில்லை.

அம்மாவை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். நான் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த மூடியைப் பிடித்துக்கொண்டேன். "குடுக்க மாட்டேன்" என்றேன். "அவன் வந்து முத்தம் குடுப்பான். அதுவரைக்கும் மூட விடமாட்டேன்."

"அவன் பாத்து அம்மான்னு எழுதிட்டான். ஒனக்கு என்ன?"

"அம்மான்னு எழுதினா பாத்துட்டான்னு அர்த்தமா? அவனக் கேளுங்க. எடுக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"படிச்ச திமிரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சாவு வீட்ல வந்து பாயிண்டு பேசுதா."

இரண்டு பேர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வன்முறை இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் பொறுமையாகப் பிரித்தார்கள். மதலேனம்மாள் பெரியம்மா என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, "அழுதுரு, அழுதுரு" என்று காதில் சொன்னாள். நான் அழவில்லை. கடித்தேன். அவள் கையில் பல் பதிந்தது. அவள் விடவில்லை.

ஜெபம் முடிந்தது. கடைசி முத்தத்துக்கு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். என்னைக் கொண்டுபோய்க் குனிய வைத்தார்கள். அம்மாவின் நெற்றி மொசைக் தரைபோல் இருந்தது. நான் நிமிர்ந்தபோது என் கையிலிருந்த போன் நடுங்கத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, நிற்காமல். கடல்மேல் நின்றுபோயிருந்ததெல்லாம் இப்போது வந்து விழுந்துகொண்டிருந்தது.

"ஜின்சனா?" என்றார் சித்தப்பா. "கொண்டா."

பிடுங்கிக்கொண்டார். எழுத்தைப் பார்க்கவில்லை, பெயரை மட்டும் பார்த்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பந்தலைப் பார்த்துச் சொன்னார்: "மூத்த பிள்ளை அவன். அவனுக்கும் பங்கு உண்டும்லா. அவனும் குடுக்கட்டும்."

போனைக் கவிழ்த்து, திரை கீழே இருக்கும்படி, அம்மாவின் நெற்றியில் வைத்து அழுத்தினார். பெண்கள் விம்மி அழுதார்கள். அன்று விழுந்ததிலேயே பெரிய அழுகை அதுதான். போன் அம்மாவின் நெற்றியில் இருந்தபடி நடுங்கிக்கொண்டே இருந்தது. ஜோஜோ கேமராவை நெருங்கக் கொண்டுவந்தான்.

வெள்ளைத் துணி, மூடி, ஆணி.

போன் என் கைக்கு வந்தபோது திரையில் பனி படிந்திருந்தது. தாவணியால் துடைத்துவிட்டு வாசித்தேன்.

"ஒண்ணும் தெரியல. யாரோ முதுகு மறைக்குது."

"சித்தப்பாவ நகரச் சொல்லு."

"ஏன் எல்லாரும் எந்திரிக்காங்க?"

"இப்பத்தான் உன் மெசேஜ் வந்துச்சு. நிறுத்து ஜிஸ்மி."

"நிறுத்தச் சொல்லு. நிறுத்தச் சொல்லு."

சித்தப்பாவிடம் காட்டினேன். பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்திருந்தார். பாதி வாசித்தார். "முதல்லயே சொல்லிருந்தா நகந்திருப்பேன்ல" என்றார். "ம், தூக்குங்கப்பா."

கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். யூக்காலிக் காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன். திரும்பி வந்து எல்லோரும் கஞ்சியும் பயறும் சாப்பிட்டு, பிற்பகல் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டருக்குப் போய்விட்டார்கள். மதலேனம்மாள் பெரியம்மாவும் கையில் துணி சுற்றிக்கொண்டு போனாள்.

அண்ணன் இறங்கியதும் கூப்பிட்டான். பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு கேட்டது.

"மூடிட்டாங்களா?"

"புதைச்சாச்சு."

 "நீ எதுக்கு எங்கிட்ட பாக்காதேன்னு சொன்ன?" என்றான்.

"அதுக்கு அடுத்து அனுப்பினதப் படிச்சியா?"

"எல்லாரும் எந்திரிச்ச பெறகுதான் வந்து சேந்துச்சு. முதல்ல காரணத்தச் சொல்லிருக்க வேண்டியதுதான? பாக்காதேன்னா எவன் பாக்காம இருப்பான்?" வைத்துவிட்டான்.

வெயில் சாய்ந்தபின் டாக்ஸி வந்து நின்றது. ஒரு பை, ஒரு கம்பளி. அம்மாவுக்கு வாங்கிய கம்பளி. வீட்டுக்குள் வராமல் நேராகக் கல்லறைப் பாதையில் நடந்தான். நான் பின்னால் ஓடினேன். வளைவில் வன இலாகா வாட்சர் கம்பை நீட்டி மறித்தார். "போக முடியாது தம்பி. கூட்டம் கல்லறைக்குள்ளயே நிக்கு. ஒரு குட்டியும் இருக்கு. காலையில வாங்க." தூரத்தில் வேலி ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணன் கம்பின் மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

வீட்டுக்கு வந்தோம். யானை இறங்கிய செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. சித்தப்பா வாசலில் நாலு பேருக்கு நடுவில் நின்று, "பாத்தீங்களா, காலையிலயே முடிச்சது நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணன் அவர் தோளுக்குமேல் என்னைப் பார்த்தான். என்னைத்தான், அவரை இல்லை.

பிறகு எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"பிளேன்ல அந்த நெட்டு எல்லா கம்பெனியிலயும் உண்டா?"

"பாதியில கட்டாகுமா தம்பி?"

மதலேனம்மாள் பெரியம்மா, மகன் குவைத்தில் இருப்பவள், கிட்ட வந்து உட்கார்ந்தாள். "என் மகன் கிட்டயும் சொல்லி வைக்கணும். பெரிய பேக்கே எடுக்கச் சொல்லுதேன். சின்னதுல தெரியலன்னல்லா சொன்னாங்க?"

அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இத்தனை ரூபா, இப்படி எடுக்கணும், கார்டு வேணும். துணிகளை எண்ணிக் கொடுக்கிற குரலில் சொன்னான். சொல்லி முடித்ததும், "ஜோஜோ போயிட்டானா?" என்று கேட்டான்.

காலையில் விட்டுப்போன வயரை எடுக்க வந்த ஜோஜோ அதைச் சுருட்டிக்கொண்டிருந்தான். லேப்டாப்பைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். சித்தப்பா அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதலில் கட்டம்போட்ட சட்டை. நெடுநேரம் கட்டம்போட்ட சட்டை. சட்டை விலகியது, ஆட்களின் தலைகள். தலைகள் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. நான் குனிந்தேன். கேமரா கிட்டே போனது. அம்மாவின் தாடை தெரிந்தது, வாய் தெரிந்தது. அதற்குமேல் போன். நெற்றியிலிருந்து கண்வரை போன்தான் இருந்தது, சித்தப்பாவின் விரல்கள் அதன்மேல்.

"போன எடுங்க சித்தப்பா" என்றான் அண்ணன். திரையைப் பார்த்துச் சொன்னான்.

பக்கத்தில் இருந்த சித்தப்பா அவன் முதுகைத் தடவினார். "எடுத்துருவேன்டா. இந்தா பாரு, இப்ப எடுப்பேன்."

திரையில் அவர் கை மேலே போனது. மறுபக்கமிருந்து அதே வேகத்தில் மதலேனம்மாள் பெரியம்மாவின் கை வெள்ளைத் துணியை இழுத்து மூடியது.

"எடுத்தாச்சு பாத்தியா?" என்றார் சித்தப்பா.

அண்ணன் விரலை வைத்துக் காட்சியைப் பின்னால் இழுத்தான். தாடை வந்தது, வாய் வந்தது, போன் வந்தது.

"எடுங்க சித்தப்பா" என்றான்.